குசினிப் படியில் பதிந்த காசு

கட்டாரில் வேலை முடிந்து கல்முனைப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியபோது நான் கொண்டுவந்த சாமான்களில் என் மனைவிக்குப் பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். நீளமான ஒரு பிடி, அதன் நுனியில் சோற்றுப் பீங்கான் அளவில் ஒரு வட்டத் தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போட்டுக் காட்டும் மிசின். எங்கள் தங்குமிடத்தில் இருந்த மலையாளி ஒருவர் ஊருக்குப் போகும்போது அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் இருந்தவரை வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போய் இருவரும் மாறி மாறித் தேடுவோம். அந்த நாட்டில் எனக்குச் சந்தோஷம் என்று இருந்தது அந்தப் பின்னேரங்கள் மட்டும்தான்.

"இதக் கொண்டு இஞ்ச என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பழைய காசு தேடப் போறன்."

"புதையல் தோண்டுறான் எண்டு பொலிஸ் புடிச்சிட்டுப் போகும். புள்ளைகளுக்கும் வெக்கக்கேடு."

அவள் சொன்னது பொய்யில்லை. புதையல் தோண்டியவர்கள் பிடிபட்ட செய்தி இங்கே அடிக்கடி வருவதுதான். அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். பழைய கட்டடம், கோயில், பள்ளிவாசல், மையத்து அடக்கும் மையவாடி எதற்கும் கிட்டப் போவதில்லை. வளவுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்காமல் மிசினை இறக்குவதில்லை. கைச்சாணுக்குக் கீழே தோண்டுவதுமில்லை.

சிறு வயதிலிருந்தே எனக்குப் பழைய காசுப் பைத்தியம். ஒரு பால்மா டின் நிறைய வைத்திருந்தேன். ஒருபக்கம் ராசாவின் தலையும் மறுபக்கம் பனைமரமும் போட்ட செம்புச் சதம், நாலு மூலை கொண்ட ஐந்து சதம், ஓரம் நெளிந்த பத்துச் சதம். அந்த டின் எங்கே போனதென்று தெரியாது. எங்கள் வீடு பெரிய றோட்டுக்கு மேற்கே இருந்ததால் சுனாமியில் கடல் வந்த அன்று முற்றம் வரை தண்ணீர் வந்து திரும்பியது. நான் அப்போது கட்டாரில் இருந்தேன். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியதில் டின் தொலைந்துவிட்டது. கடல் வந்த நாளில் எங்கள் இழப்பு என்று சொல்ல அது மட்டும்தான். எங்கள் ஊரில் அதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஊருக்கு வந்து வயரிங் வேலை எடுத்துச் செய்தேன். வேலை கிடைக்கும் நாளைவிடக் கிடைக்காத நாள்தான் அதிகம். சும்மா வீட்டில் இருக்கிற மனிதனை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். அப்படியான நாட்களில் மிசினை உரச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன்.

கடற்கரை என்று நான் சொல்வது தோணி இழுக்கிற இடத்தை அல்ல. அதற்குத் தெற்கே, முன்பு வரிசையாக வீடுகள் இருந்த நிலப்பட்டி. கடல் அந்த வீடுகளை ஒரு காலைப்பொழுதில் துடைத்தெடுத்தது. அதற்குப் பிறகு அங்கே வீடு கட்டக் கூடாதென்றார்கள். மிஞ்சிய ஆட்களை உள்ளே வயல் பக்கத்து வீட்டுத் திட்டங்களில் குடியேற்றினார்கள். இடிந்தவற்றை புல்டோசர் தள்ளிச் சமப்படுத்தியது. தரைகள் சில மட்டும் அங்கங்கே கிடந்தன, கிணற்றுக் கொட்டுகள் மண்ணால் நிரம்பின. ஆளில்லாத இடம் என்றால் குப்பை தானாகவே வந்து சேரும். முதலில் பக்கத்துத் தெருவார் பையில் கட்டிக்கொண்டு வந்து எறிந்தார்கள். பிறகு கடைக்காரர்கள், பிறகு டிராக்டர்கள். நான் போன காலத்தில் சில இடங்களில் குப்பை இடுப்பளவு உயரம். கோழி இறகு, மீன் செதில், பிள்ளைகளின் பம்பர்ஸ், பொலித்தீன், உடைந்த கொமட். மாடுகள் அதற்குள் நின்று பொலித்தீனை மென்றுகொண்டிருக்கும். காற்று கடலிலிருந்து வீசினால் நாற்றம் ஊருக்குள் போகும், கரையிலிருந்து வீசினால் நம் மூக்கில் கொஞ்சம் குறையும்.

அந்தக் குப்பையில் காசு தேடுவது பெரிய பாடு. மிசினுக்கு எல்லாம் உலோகம்தான். இரும்பென்றால் தாழ்ந்த குரலில் முனகும். செம்பு, வெள்ளி, பித்தளை என்றால் உயர்ந்த குரலில் கூவும். ஆனால் சோடா மூடியும் அலுமினியத் தாளும் சில வேளை காசின் குரலிலேயே கூவும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் பை நிறைய ஆணி, ஓட்டுக் கொக்கி, பற்றரி, மீன் டின் மூடி. காசு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். முதன்முதலாகக் கிடைத்தது பனைமரம் போட்ட செம்புச் சதம். பச்சை பிடித்து ஓரம் தின்னப்பட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காயெண்ணெயில் ஊறவைத்தேன். மனைவி அந்தக் கிண்ணத்தைக் குசினி அடுப்படியில் வைக்க விடவில்லை.

"அது ஆருட ஊட்டுச் சல்லியோ. மௌத்தானவங்கட சாமான்" என்றாள்.

"கடல் வாறதுக்கு எவ்வளவோ காலத்துக்கு முந்தி விழுந்த காசு இது."

"உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

ஊருக்குத் தெரியவில்லை. கடல் கொண்டுபோய் மௌத்தானவர்களின் நகையைத் தேடித் திரிகிறான் என்ற கதை கொஞ்ச நாளில் பரவிவிட்டது. அந்த மண்ணில் தாலிக்கொடியும் காப்பும் காதில் போடும் அலுக்குத்தும் எவ்வளவு புதைந்திருக்கும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். பள்ளியில் எனக்குப் பக்கத்தில் தொழுதவர் ஸலாம் கொடுத்ததும் என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனார். சலூனில் நான் நுழைந்ததும் கதை நின்றது. நகை எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தால் என்ன செய்வதென்று நான் யோசித்ததுண்டு, பள்ளியில் ஒப்படைப்பதென்று முடிவும் செய்திருந்தேன். ஆனால் கேட்காத ஒருவரிடம் அதை எப்படிப் போய்ச் சொல்வது?

அந்தப் பட்டியில் குப்பையில்லாத இடம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டின் தரை. சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து. சுவர் எதுவுமில்லை, ஆனால் அறைகளின் கோடு தெரியும். சுற்றிலும் மலைமலையாகக் குப்பை கிடக்க, அந்தத் தரை மட்டும் கூட்டி வைத்தபடி கிடக்கும். நாலு பக்கமும் முட்கம்பியும் பழைய வலைத்துண்டும் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இப்போதும் குடியிருக்கிற மாதிரி இருக்கும். நான் அதற்குக் கிட்டப் போகாமல் விலகியே தேடுவேன்.

ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அந்த வேலிக்கு வெளியே மிசினை ஆட்டிக்கொண்டு நின்றேன். காதில் ஹெட்போன் இருந்ததால் பின்னால் ஆள் வந்தது கேட்கவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரன், கையில் ஈர்க்குமாறு. முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்தது. சந்தையில் முன்பு பாத்திரக் கடை வைத்திருந்தவர்.

"வெக்கமில்லையா உனக்கு?" என்றார். "ஊருக்குள்ள எத்தனையோ தொழில் இரிக்கி. மௌத்தானவங்கட கழுத்துலயும் காதுலயும் கிடந்தத்தானா தேடுற?"

நான் பையை எடுத்து அவர் முன்னால் மண்ணில் கொட்டினேன். ஆணிகள், மூடிகள், ஒரு கதவுப் பிணைச்சல், வளைந்த கரண்டி.

"காக்கா, இதுதான் எனக்குக் கிடைக்கிற. நான் தேடுற பழைய காசு. நகை நட்டு ஒண்டும் எனக்கு வேணாம். அல்லாஹ் மேல சத்தியம்."

அவர் ஈர்க்குமாற்றின் அடியால் அவற்றைக் கிளறினார். கதவுப் பிணைச்சலை மட்டும் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதையும் போட்டுவிட்டு, "என்ட ஊட்டுக்குள்ள மட்டும் வந்திராத" என்று சொல்லி, வலைத்துண்டை விலக்கிக்கொண்டு அந்தத் தரைக்குள் போய்க் கூட்டத் தொடங்கினார்.

அவருடைய கதையை அன்றிரவு மனைவிதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். அவருடைய மாமனார் தன் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் முன்னும் பின்னுமாக இரண்டு வீடு கட்டினார். கடலுக்குக் கிட்ட இருந்தது மூத்தவளின் வீடு, அவள்தான் இவருடைய மனைவி. றோட்டுப் பக்கம் இருந்தது தங்கையின் வீடு. கடல் வந்த காலை இவர் சந்தையில் கடை திறக்கப் போயிருந்தார். அந்த வளவில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. மனைவி, ஒரே மகள், மச்சினி, அவள் புருஷன், பிள்ளைகள், மாமா, மாமி. மகளின் ஜனாஸா அடக்கக்கூடக் கிடைக்கவேயில்லை. பிறகு முகாமில் இருந்தபோது, அதே நாளில் புருஷனை இழந்த ஒரு பெண்ணை அவருக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள். இப்போது வீட்டுத் திட்டத்தில் அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறார்.

"ஒவ்வொரு நாளும் அசருக்குப் பொறகு அங்க போவார்" என்றாள் மனைவி. "கூட்டுவார். துஆ ஓதுவார். பொழுதுபட மஃரிபு தொழுகைக்கு முந்தி திரும்பி வருவார். மழையெண்டாலும் போவார்."

அதன் பிறகு நான் வடக்குப் பக்கம் மாறிவிட்டேன். அவர் கண்ணில் படக் கூடாதென்று காலையில் போனேன். ஒரு நாள் காலையில் அவரே என்னைத் தேடிக்கொண்டு குப்பை மேட்டில் ஏறி வந்தார். செருப்பு வாரில் பொலித்தீன் சுற்றியிருந்தது. ஸலாம் சொன்னார். கொஞ்ச நேரம் மிசினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்த மிசின் சீமெந்துக்குள்ள கிடக்கிறதயும் காட்டுமா?"

"கம்பி இல்லாத சீமெந்தெண்டா காட்டும். ஏன் காக்கா?"

அவர் சொன்னது இதுதான். வீடு கட்டிய காலத்தில் குசினி வாசற்படிக்கு மேசன் சீமெந்து பூசி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். அப்போது கலியாணமாகிக் கொஞ்ச நாள். இவர் மனைவி ஈரச் சீமெந்தில் ஓரம் நெளிந்த பத்துச் சதக் காசு ஒன்றை விரலால் அமத்திப் பதித்துவிட்டாளாம். மாமனார் கண்டு, சின்னப்பிள்ளை வேலை என்று ஏசி, மேசனைக் கொண்டு அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் போடுவித்திருக்கிறார். காசு உள்ளே போய்விட்டது.

"நானும் அவளும் மட்டும்தான் அதக் கதைப்பம். படியில கால் வெக்கிற நேரம் 'காச மிதிக்காதீங்க' எண்டு சொல்லுவாள். புள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது இன்னும் உள்ளுக்குக் கிடக்கா எண்டு தெரிஞ்சாப் போதும். தோண்ட வேணாம்."

அன்றைக்கே பின்னேரம் போனோம். வலைத்துண்டை அவரே விலக்கிப் பிடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். குசினி இருந்த இடத்தைக் காட்டினார். படி முழுசாக இருந்தது, ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. மிசினை அதன் மேல் மெதுவாக ஆட்டினேன். சத்தமில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து, தட்டைச் சீமெந்தோடு உரசுகிற மாதிரி வைத்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ஒன்றுமில்லை. முன்வாசல் படியிலும் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

"காசு கழண்டு போயிரிக்குமா?" என்று கேட்டார்.

படியின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் குழியில்லை, பிறகு பூசிய பூச்சும் இல்லை. ஒரே தடவையில் பூசிய சீமெந்து.

"காக்கா, இதுக்குள்ள காசு வெச்சதுக்கு அடையாளமே இல்ல" என்றேன்.

அவர் படியில் குந்தினார். ஒரு கையால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தனக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"றோட்டு இவ்வளவு கிட்ட இரிக்கேலாதே எண்டு நானும் யோசிச்சனான். றோட்ட அகலமாக்கின, அதான் கிட்ட வந்திட்டு எண்டு நினைச்சன்."

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. இரண்டு வீட்டையும் ஒரே மேசன் ஒரே அச்சில் கட்டியிருக்கிறார், ஒரே சிவப்புச் சாயம். இவர் ஜனாஸாக்களைத் தேடி ஆஸ்பத்திரிகளில் அலைந்து, முகாமிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது புல்டோசர் எல்லாவற்றையும் தள்ளி முடித்திருந்தது. தென்னைகள் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. அந்த வளவில் ஒரு தரைதான் வெளியே தெரிந்தது, றோட்டுப் பக்கம் இருந்த மச்சினியின் வீட்டுத் தரை. அதைத் தன் வீடென்று நினைத்துக்கொண்டார். பிழையென்று சொல்ல அந்த வளவில் வேறு யாரும் உயிரோடு இல்லை.

"உங்கட ஊடு இன்னும் கடல் பக்கமா இரிக்கலாம்" என்றேன்.

இருவரும் கடல் பக்கம் பார்த்தோம். அங்கே குப்பை மேடு. அதன் உச்சியில் காகங்கள்.

அடுத்து வந்த நாட்களில் அந்த மேட்டின் ஓரங்களில் மிசினை வைத்துத் தேடினேன். காசு தேடுகிற வேலை அல்ல இது, நான் முதல் தடவையாக ஆணிக்காகத் தேடினேன். குப்பையின் சத்தங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கேட்கும். வீடு இருந்த இடத்தில் ஆணியும் கொக்கியும் சுவர் ஓரமாக விழுந்து கிடப்பதால் ஒரு கோட்டில் முனகும். கடல் பக்கச் சரிவில் அப்படியொரு கோடு கேட்டது. மண்வெட்டியாலும் அலவாங்காலும் குப்பையை இழுத்துத் தள்ளினோம். அவர் முகத்தில் துணி கட்டிக்கொள்ளவில்லை. நான் கட்டியிருந்தும் இரண்டு தடவை வாந்தியெடுத்தேன். நாங்கள் ஒரு பக்கம் அள்ளித் தள்ள மறு பக்கத்தில் டிராக்டர் ஒன்று வந்து கவிழ்த்துவிட்டுப் போனது. அவர் ஓடிப்போய் சாரதியை மறித்தார்.

"தம்பி, இது என்ட ஊடு."

சாரதி மரியாதையாகத்தான் பேசினான். "வாப்பா, உங்கட ஊடு அங்கால கூட்டி வெச்சிரிக்கிறது எண்டுதானே எல்லாரும் சொல்ற? அதுல நாங்க ஒரு நாளும் கொட்டல்லயே."

அவர் வழியை விட்டு விலகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

குப்பைக்கும் மண்ணுக்கும் கீழே சிவப்புத் தரை தென்பட்டது. வெடித்து, சில இடங்களில் கீழே இறங்கியிருந்தது. குசினிப் பக்கம் எது என்று அவர் இப்போது யோசிக்கவே இல்லை. நேராகப் போய் ஓரிடத்தைக் கையால் வழித்தார். படியின் ஒரு பகுதி வெளியே வந்தது. மிசினை வைத்தேன். தட்டு படியின் நடுவுக்கு வந்ததும் கூவியது, சுத்தமான, உயர்ந்த குரல். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்து மறுபடியும் ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

உப்பு ஏறி மேற்பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. தோண்ட வேண்டாம் என்று முன்பு சொன்னவர் இப்போது பெருவிரல் நகத்தால் அந்தப் பொருக்கைத் தட்டினார். அது தானாகக் கழன்று வந்தது. கீழே நெளிந்த ஓரத்தோடு காசு. பச்சையாக இருந்தது. பக்கத்தில் சீமெந்தில் ஒரு விரல் அழுந்திய சின்னப் பள்ளம். அவர் அதற்குள் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். முழுதாகப் போகவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மிசினை எடுத்துக்கொண்டு விலகப் போனேன். "இரி தம்பி" என்றார்.

அவர் அழுவார் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. எழும்பி நின்று றோட்டைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். அங்கிருந்து கடல் மிகக் கிட்ட. அலை உடைவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"உனக்கு ஒண்டு சொல்றன். ஆருக்கும் சொன்னதில்ல. நான் இவ்வளவு காலமும் அவளோட கோவமா இரிந்தன்."

"ஆரோட?"

"என்ட மனிசியோட. ஒவ்வொரு நாளும் அந்தத் தரையில நிண்டு றோட்ட பாப்பன். ஏன் புள்ள நீ ஓடல்ல? இந்தா கிடக்கு றோட்டு. புள்ளையத் தூக்கிட்டு ஓடியிரிந்தா தப்பியிரிக்கலாமே. அடுப்புல என்னத்தப் பாத்துட்டு நிண்ட நீ? துஆ ஓதி முடிச்சிட்டு அதத்தான் கேப்பன். திட்டவும் செஞ்சிரிக்கன்."

திரும்பவும் றோட்டுப் பக்கம் பார்த்தார்.

"இஞ்சருந்து எங்க ஓடுற? முன்னால தங்கச்சிர ஊடு. பக்கத்துல மதில். நேரமே இரிந்திரிக்காது. பாவம்."

அந்த 'பாவம்' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் கேட்கிறது. குரலில் ஆறுதல் என்று எதுவும் இல்லை. பிடித்துக்கொண்டு நிற்க இருந்த ஒன்று கைவிட்டுப் போன மாதிரி இருந்தது.

காசைக் கழற்றித் தரவா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினார். கையால் மண்ணை அள்ளிப் படியின் மேல் போட்டு மூடினார்.

மறுநாள் அசருக்குப் பிறகு அவர் எங்கே போகிறார் என்று பார்க்கவே நான் போனேன். பழைய தரையில்தான் நின்று கூட்டிக்கொண்டிருந்தார்.

"காக்கா, உங்கட ஊட்டுக்குப் போகல்லயா?"

"அங்கயும் போனன். துஆ ஓதினன்." கூட்டுவதை நிறுத்தவில்லை. "இது என்ட மச்சினிர ஊடு. அவளுக்கும் புருசனுக்கும் புள்ளைகளுக்கும் ஓத ஆரிரிக்கா? இவ்வளவு காலமும் அவட ஊட்டத்தானே கூட்டிரிக்கன். இப்ப விட்டா என்ன நினைப்பாள்?"

அந்த வருஷம் வாடைக்காற்று தொடங்கியதும் கடல் கரையை அரித்தது. எங்கள் கரையில் சில வருஷங்களாகவே கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் தோணி வைக்கிற இடம் சுருங்கும், தென்னைகள் வேரோடு சரியும். மழை ஓய்ந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். குப்பை மேட்டில் பாதியைக் காணவில்லை. மண் செங்குத்தாக வெட்டினது போல் நின்றது, அதிலிருந்து பொலித்தீன்கள் கொடி கொடியாகத் தொங்கின. சிவப்புத் தரையின் துண்டுகள் அலைக்குள் கிடந்தன. படி இருந்த இடத்தில் தண்ணீர். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னமே அவர் வந்து நின்றிருந்தார்.

"கடல் திரும்பவும் எடுத்திட்டு" என்றார்.

அதற்குப் பிறகும் நான் காசு தேடப் போனேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. போனேன், ஆனால் முந்தைய மாதிரி முடியவில்லை. ஆணிகள் ஒரு கோட்டில் முனகினால் இது எந்த அறையின் சுவர் என்று மனம் கேட்கும். காசு கூவினால் தோண்டுவதற்கு முன் சுற்றிலும் பார்ப்பேன். பிறகு உப்புக் காற்றில் மிசினின் பற்றரிப் பெட்டி துருப்பிடித்தது. திருத்தத் தெரிந்த நான் அதைத் திருத்தவில்லை. மனைவி அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. குப்பைக்குள் நடந்ததில் காலில் போத்தல் ஓடு வெட்டிய காயம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குப்பையைத் தள்ளிய நாளில் வெட்டியதா, வேறு நாளிலா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுத் திட்டத்தில் அவரைப் பார்க்கப் போனேன். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முன்னறையில் வாசலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மெலிந்து, தாடி வெளுத்துப் போயிருந்தது. என்னைக் கண்டதும் ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு கேட்டார்.

"கடல் எவ்வளவுக்கு வந்திரிக்கி?"

பொய் சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"மச்சினிர ஊட்டு வேலியடிக்கு வந்திட்டு காக்கா. கடல் பக்கக் கம்பி விழுந்து போச்சி."

"தரை?"

"தரை இரிக்கி. குப்பையும் கொஞ்சம் சேந்திட்டு."

தலையை ஆட்டினார். யாராவது கூட்டுகிறார்களா என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்தது, நாடி நெஞ்சில் விழுந்தது.

அவருடைய இரண்டாவது மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஐம்பது வயதிருக்கும், முக்காட்டை இழுத்துவிட்டபடி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவரிடம் அதற்கு முன் நான் பேசியதில்லை.

"அசர் ஆனாப் போதும், வாசலையே பாத்துட்டு இரிப்பார்" என்றார் தாழ்ந்த குரலில். "முன்ன போய் வந்தாச் சரி, ராவைக்குச் சாப்பிடுவார். இப்ப அதுவுமில்ல."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"என்ட முதல் ஊடும் அங்கதான் இரிந்த. கொஞ்சம் வடக்கால. நான் ஒரு நாளும் போய்ப் பாக்கல்ல."

"சொல்லியிரிந்தா நான் இடத்தத் தேடிப் பாத்திருப்பன் ராத்தா."

"என்னத்துக்கு?" என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டார். "இவர் தேடிக் கண்டுபுடிச்சாரே. கால் போனதுதானே மிச்சம்?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பியவர், நின்று மேலே பார்த்தார். முகட்டில் மின்விசிறி நின்றுபோய்த் தூசு பிடித்துக் கிடந்தது.

"நீங்க கரண்ட் வேலை செய்றதானே தம்பி? இத ஒருக்கா பாருங்களன். இவருக்கு வேர்த்து வடியிது. ஆரக் கூப்பிட்டாலும் நாளைக்கு வாறன் எண்டு சொல்றாங்க."

கதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி ஏறி நின்று பார்த்தேன். கண்டென்சர் எரிந்திருந்தது. என்னிடம் சாமான் இருக்கவில்லை. கல்முனைக்குப் போய் வாங்கிவருகிறேன் என்று சொல்லி சைக்கிளை எடுத்தேன். கடைகள் பூட்டுவதற்கு முன் போக வேண்டியிருந்தது.